தவக்குலும் தலைக்கவசமும்

உயிர் அல்லாஹ் அளித்தது. அவன் குறித்த வேளையில் அவனே அதனை மீட்டுக்கொள்கிறான். இந்நம்பிக்கையில் நமக்குள் கருத்து வேற்றுமை எதுவும் இல்லை. ஆயினும், இவ்வுண்மையை எவ்விடத்தில் சொல்ல வேண்டும், எவ்விடத்தில் சொல்லலாகாது என்பதில் நாம் தடுமாறி வருகிறோம். மெய்யான சொல்லும் இடம் மாறினால் தீங்கு விளைக்கும். இதனை நாம் ஒரு ஜனாஸாவின் பின்னரே கற்றோம்.

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியே திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த பேரூர். கல்லூரிக்கும் கடைவேலைக்கும் மருத்துவமனைக்கும் திருவண்ணாமலையை நாடுவோர்க்கு இச்சாலையே கதி. பேருந்தும் லாரியும், நெல்லும் கரும்பும் ஏற்றிய டிராக்டர்களும் இதில் ஓடுகின்றன. பௌர்ணமி நாள்களில் கிரிவலத்திற்கு வருவோரின் வாகனங்களும் சேர்ந்துகொள்ளும். இவற்றினிடையே நம் வீட்டுப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பறக்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இரவு நேரத்தில் அச்சாலையில் வீடு திரும்புகையில், வண்டி சறுக்கி விழுந்து மௌத்தானார். உடலில் பெருங்காயம் ஏதும் இல்லை, அடி தலையில். அவருடைய தலைக்கவசமோ வண்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டியபடி இருந்தது. ஜனாஸாவிற்கு வந்தோர் அனைவரும் அவருடைய தந்தையின் கையைப் பற்றி, “பிள்ளையின் ஹயாத்து அவ்வளவுதான் பாய், சபூர் செய்யுங்கள்” என்றனர். நாமும் அதனையே சொன்னோம். அவ்வேளையில் அத்தந்தைக்கு வேறெதனைச் சொல்ல இயலும்?

நாற்பது நாள் கழியுமுன், அதே மாணவரின் தோழர் வெறுந்தலையுடன் வண்டியைக் கிளப்புவதைக் கண்டு, “தம்பி, தலைக்கவசம் எங்கே?” என்று வினவினோம். “மௌத்து குறித்த நேரத்தில் வந்தே தீரும் என்று தாங்கள்தாமே சொன்னீர்கள், ஹஜ்ரத்!” என்றார் அவர். கேலி சிறிதும் இல்லை, மரியாதையுடனேயே சொன்னார். அன்று அவருக்கு விடை கூற இயலாது நின்றோம். நாம் ஆறுதலாகக் கூறிய சொல், நாற்பது நாளில் மற்றொரு பிள்ளையின் கையில் சாக்காக மாறியிருந்தது. அவருக்கு நாம் பட்டிருக்கும் விடைக்கடனையே ஈண்டுத் தீர்க்க முயல்கிறோம்.

தவக்குலில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை விஞ்சியவர் எவர்? அப்பெருமானார் உஹதுப் போர்க்களத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு உருக்குச் சட்டைகளை அணிந்திருந்தார்கள். தலையில் கவசமும் தரித்திருந்தார்கள். பகைவர் தாக்கியபோது அக்கவசத்தின் வளையங்கள் கன்னத்தில் புதைந்தன. அபூ உபைதா (ரலி) அவர்கள் தம் பற்களால் அவற்றைப் பிடுங்கி எடுத்துத் தம் முன்பற்களை இழந்தார்கள். கவசம் அணிந்தும் காயம் நேர்ந்தது. அதனால் பெருமானார் கவசத்தைக் கைவிட்டார்களா? இல்லை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் மக்கா வெற்றி கொள்ளப்பட்ட நாளில் அவர்கள் தலைக்கவசத்துடனேயே நகருள் நுழைந்தார்கள் என்பது அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியில் பதிவாகியுள்ளது. “ஹெல்மெட் போட்டவனும்தான் சாகிறான்” என்று வாதிடுவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று வினவியவரிடம், கட்டிவிட்டு நம்புமாறு பெருமானார் பணித்ததை நம் குழந்தைகளும் அறிவர். உணவின் முன் அமர்ந்து கையை நீட்டாமல் இருப்பதைத் தவக்குல் என எண்ணுவோனை இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் இஹ்யாவில் பித்தன் எனக் கருதுகிறார்கள். வீட்டைப் பூட்டுவது தவக்குலுக்கு முரண் ஆகாது. உள்ளம் பூட்டை நம்பாமல் பூட்டைப் படைக்க அறிவு தந்தவனை நம்ப வேண்டும் என்பதே அவர்களின் கருத்து.

ஆயின், அத்தம்பியின் வினா இன்னும் ஆழமானது. நேரம் குறிக்கப்பட்டுவிட்டதெனில் காப்பு எதற்கு? இவ்வினா புதிதன்று. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்ற உமர் (ரலி) அவர்கள், ஸர்கு என்னும் இடத்திலிருந்து படையைத் திருப்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று கேட்டவர் வேறு யாருமல்லர். அதே அபூ உபைதா (ரலி) அவர்கள்தாம். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என விடையிறுத்தார்கள் கலீபா அவர்கள். பசுமையான கரையில் ஒட்டகத்தை மேய்த்தாலும் வறண்ட கரையில் மேய்த்தாலும் இரண்டும் இறைவிதிப்படியே என்று உவமையும் காட்டினார்கள்.

இதனின்று நாம் பெறும் தெளிவு யாது? காயம் தக்தீரில் உள்ளது போலவே கவசமும் தக்தீரில் உள்ளது. நடந்து முடிந்ததை நோக்கும்போது விதி நமக்கு ஆறுதல். நடக்கவிருப்பதை நோக்கும்போது நமக்குத் தரப்பட்டிருப்பது கட்டளை. விதி எழுதப்பட்ட ஏட்டை நாம் பார்த்ததில்லை. எச்சரிக்கையாய் இருங்கள் என்ற கட்டளையையோ திருமறையில் பார்த்திருக்கிறோம். ‘ஹயாத்து அவ்வளவுதான்’ என்னும் சொல் மய்யித்து வீட்டுக்கு உரியது. வண்டியின் சாவியைக் கையில் எடுப்பவன் அதனைச் சொல்வானாயின், அது தவக்குல் ஆகாது. கவனமின்மைக்குப் போர்த்திய போர்வையே ஆகும்.

மரணத்தை ஏற்றுக்கொண்டே அதனிடம் பாடம் கேட்கவும் கூடும். முதல் உலகப் போரில் அரபுப் படைகளோடு திரிந்த ஆங்கிலேயர் லாரன்ஸைப் பலரும் அறிவர். பாலைவனப் போர்களில் பிழைத்த அவர், 1935 மே மாதத்தில் தம் நாட்டுச் சாலையொன்றில் மோட்டார் சைக்கிளில் விரைந்தபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பி விழுந்தார்; தலைக்காயத்தால் ஆறு நாளில் இறந்தார். அவரைக் காண வந்த மருத்துவர்களுள் ஒருவர் மூளை அறுவை வல்லுநர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். அவர் பின்னர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் தலைக்கவசத்தின் இன்றியமையாமையை எழுதி வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்க்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது.

இன்று அவ்வறிவு வளர்ந்துள்ளது. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் அமைப்பின் 2008ஆம் ஆண்டு மதிப்பீடு, கவசம் மரண வாய்ப்பை 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கண்டது. கவசத்தின் ஓட்டிற்குள் உள்ள தெர்மாகோல் போன்ற தடித்த அடுக்கு, தான் நசுங்கி, மோதலின் வேகத்தைத் தணிக்கிறது. எனவே, ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது. கழுத்து வாரைப் பூட்டாமல் அணிவதும் வீணே. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை இளக்கிக் கொடுத்த இறைவன், கவசத்தின் வளையங்களை அளவாய் அமைக்கவும் கட்டளையிட்டான். காப்புப் பொருளில் தரம் பார்ப்பது நபிமார் வழி. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத மலிவுக் கவசத்தைப் பாதையோரம் வாங்குவோர் இதனை எண்ணுக.

இன்னொன்றும் உண்டு. ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் நம் நாட்டில் தலைக்கவசம் அணியாது சாலையில் மாண்டோர் 50,029 பேர். அவருள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றோர். பின்னால் அமர்பவர் யார்? மனைவி, தாய், பள்ளிக்குச் செல்லும் பிள்ளை! தன் உயிரைப் பற்றித் தவக்குல் பேசுவோனுக்கு, அவர்களின் உயிரைப் பணயம் வைக்க உரிமை தந்தவர் யார்? அவர்கள் அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். முக்காட்டின்மேல் கவசம் அணிவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. புர்காவின் ஓரம் சக்கரத்தில் சிக்காதபடி ஒடுக்கி அமர்வதும் கடமையே. வெள்ளிக்கிழமைத் தொப்பி தொழுகைக்கு அழகு. தார்ச்சாலைக்கு அது காப்பாகாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுபவர், பின்னமர்பவர் இருவருக்குமே கவசத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. நம் பிள்ளைகளோ கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு, காவலரைக் கண்டதும் தலையில் கவிழ்த்து, அவரைக் கடந்ததும் கழற்றிவிடுகின்றனர். அபராதத்திற்கு அஞ்சுவோர், உயிர் தந்தவனின் கேள்விக்கு அஞ்ச வேண்டாவோ?

அத்தம்பியை மீண்டும் கண்டால் நாம் சொல்வது இதுவே: “தம்பி, நாம் அன்று சொன்ன சொல் உம் தோழரின் தந்தைக்குரியது; உமக்குரியதன்று. உமக்குரியது, ‘பிஸ்மில்லாஹ்’ என்று கூறிக் கவசத்தின் வாரைப் பூட்டுவது. அதன் பின்னரும் நேர்வது நேருமாயின், அப்போது அதனை விதி என்போம்.”

வல்ல அல்லாஹ் நம் மக்களின் பயணங்களைக் காத்தருள்வானாக! அவன் தந்த அமானிதத்தைப் பேணும் அறிவையும் நமக்கு நல்குவானாக! ஆமீன்.