விளக்கு யாருக்கு வந்தது?

ஓர் ஊருக்கு ஒளி வந்தது என்று எப்போது சொல்லலாம்? இக்கேள்வி பொறியாளருக்கு மட்டும் உரியதன்று, அறத்தைச் சேர்ந்தது என்பது நமது துணிபு.

பூதிகோட்டையில் வாழும் நாம் இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம், 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஏறக்குறைய 92 மைல் கம்பிவழி ஓடிக் கோலார் தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகத்தின் மிக நீண்ட மின்வழிகளுள் அது ஒன்று. நிலக்கரியும் புகையுமின்றி, ஆற்றுநீரின் வீழ்ச்சியால் மட்டும் பெற்ற சக்தி அது. ஆயின் அது யாரைத் தேடி வந்தது? தங்கக்கல்லை அரைக்கும் யந்திரங்களைத் தேடி வந்தது. தலைநகராம் பெங்களூருக்கே 1905இல்தான் மின்விளக்கு வாய்த்ததெனின், கம்பியின் கீழே ஏரோட்டிய குடியானவனைப் பற்றிக் கேட்பானேன்? அவன் தலைக்குமேல் மின்சாரம் பறந்தது. அவன் வீட்டிலோ எண்ணெய்த் திரியே எரிந்தது. ஆலையில் உழைத்த நாம் ஒன்றறிவோம்: யந்திரம் நின்றால் பத்துப்பேர் ஓடிவருவர், குடிசை இருண்டால் ஒருவரும் வாரார். சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது, கேள்வி மூடப்படவில்லை.

2018 ஏப்ரலில் மணிப்பூரின் லெய்சாங் என்னும் சிற்றூருக்கு மின்சாரம் சேர்ந்ததும், இந்நாட்டில் இருண்ட ஊரே இல்லையென அரசு அறிவித்தது. 2004ஆம் ஆண்டின் விதிப்படி, பள்ளி முதலிய பொது இடங்களிலும் நூற்றுக்குப் பத்து வீடுகளிலும் மின்சாரம் இருந்தால் அவ்வூர் ஒளிபெற்ற ஊராம்! தலித் குடியிருப்பிலும் கம்பி செல்லவேண்டுமென்று அவ்விதி கூறிற்று, அது நன்றே. ஆயினும் தெருவில் நிற்கும் கம்பி வீட்டினுள் எரியும் விளக்காகுமோ? மீதித் தொண்ணூறு வீட்டார் எக்கணக்கில் சேர்வர்? வீடு வீடாக இணைப்பளிக்கும் சௌபாக்கியா திட்டம் 2017இல்தான் பிறந்தது.

கம்பி எட்டாத மலையூருக்கும் காட்டூருக்கும் சூரியன் தவறாமல் வருகிறான். கூரைமேல் ஒரு பலகையும் உள்ளே ஒரு மின்கலமும் இருப்பின் இரவில் பிள்ளைகள் படிக்கலாம். இங்கேதான் தானம் செய்வோர் பெரும்பாலும் வழுக்குகின்றனர். பலகை இருபது ஆண்டிற்குமேல் உழைக்கும். ஈய மின்கலமோ சில ஆண்டுகளில் ஓயும். அதற்கும் பலவற்றில் காலந்தவறாமல் காய்ச்சி வடித்த நீர் ஊற்றவேண்டும். விளக்கை மாட்டிப் படம்பிடித்துக்கொண்டு சென்றவர், மூன்றாம் ஆண்டில் அது அணையும்போது எங்கே இருப்பார்?

பெங்களூரில் 1995இல் தோன்றிய செல்கோ நிறுவனம் வேறு வழி கண்டது. அதன் நிறுவனருள் ஒருவரான ஹரீஷ் ஹாண்டே 2011இல் மகசேசே விருது பெற்றார். கிராம வங்கிகளின் கடனால் ஏழையே விளக்கை வாங்கவும், பழுது பார்ப்போர் அருகில் இருக்கவும் அவர்கள் ஏற்பாடு செய்தனர். இரவுக்கடை வைப்போர் நாள்வாடகைக்கு விளக்குப் பெறும் முறையும் உண்டு. இரப்பவனாக நிறுத்தாது வாங்குபவனாக மதித்தமையால் நாம் இதனை மெச்சுகிறோம். ஆயினும் முழுதும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கம்பிவழி மின்சாரத்துக்கு அரசு மானியம் தரும்போது, கம்பியே காணாத ஏழை மட்டும் பலகையின் முழுவிலைக்கும் கடன்படுவது நீதியோ? பலகையின் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்கட்டும். மின்கலத்தின் பராமரிப்புக்கு ஊரார் மாதந்தோறும் சிறுதொகை சேர்க்கட்டும்.

ஆதலின் சூரிய விளக்குக்கென நன்கொடை கேட்டு வருவோரிடம் நம் சங்கத்தார் இரண்டே கேள்வி கேட்க வேண்டும்: அவ்வூரில் பழுது பார்க்கப் பழக்கப்பட்ட இளைஞர் யார்? கடைசிக் குடிசை எங்கே இருக்கிறது, அங்கே நீவிர் போய்ப் பார்த்தீரா?