தேரிக்காட்டில் மார்கழி

செம்மணல் நனைந்திருக்கிறது. நேற்று பெய்த மழை உள்ளே இறங்கிவிட்டது. மேலே ஈரம் மட்டும்.

மிதித்தால் பாதம் கொஞ்சம் புதைகிறது. எடுத்தால் தடத்தின் ஓரம் மெல்லச் சரிகிறது.

பனைகள் சும்மா நிற்கின்றன. பதநீர்க் காலம் வரவில்லை. கலயம் இல்லை, பாளை சீவும் சத்தம் இல்லை. காற்று வரும்போது ஓலை உரசுகிறது. பிறகு அதுவும் இல்லை.

*

அடுப்படி.

அச்சு எண்ணெயிலேயே கிடந்து சூடேறுகிறது. பெரியம்மா அதை எடுத்து மாவில் தோய்க்கிறாள். விளிம்புக்குச் சற்றுக் கீழே கை நின்றுவிடுகிறது. விளிம்பைத் தாண்டினால் மாவு அச்சை மூடிக்கொள்ளும். முறுக்கு கழன்று வராது.

மீண்டும் எண்ணெய். பொரியும் சத்தம். ஓர் உதறல். பூ தனியே மிதக்கிறது.

பெரியம்மா அச்சைப் பார்ப்பதுகூட இல்லை. கை பார்த்துக்கொள்கிறது.

*

முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுபடுகிறது. வாசம் முற்றம் தாண்டித் தெருவுக்குப் போகிறது.

கருப்பட்டிப் பாகு இறங்கியதும் எல்லாரும் உட்கார்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும். மதினி, அத்தை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். உள்ளங்கைகள் சிவந்திருக்கின்றன. பேச்சு நின்று போகிறது. உருண்டைகள் மட்டும் கூடுகின்றன.

*

நாசரேத் ஸ்டேஷன். இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை.

செந்தூர் எக்ஸ்பிரஸ் நிற்கிறது. முதலில் பெட்டிகள் இறங்குகின்றன. பிறகு தூக்கம் கலையாத குழந்தைகள். பிறகு பெரியவர்கள், ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் கேக் டப்பா.

"வளர்ந்துட்டானே."

யாரோ யாருடைய தலையையோ தடவுகிறார்கள். ரயில் நகர்கிறது. தடவிய கை அப்படியே இருக்கிறது.

*

வீடு இரவில் தன் அளவை மாற்றிக்கொள்கிறது. திண்ணை வரை பாய். பூட்டியே கிடந்த மச்சு அறையில் மின்விசிறி சுற்றுகிறது.

யாருடைய குறட்டை என்று தெரியவில்லை. தெரிய வேண்டியதில்லை.

*

நடுநிசி தாண்டி கிறிஸ்மஸ் கீத பவனி வருகிறது. முன்னால் டிராக்டர், அதில் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும். பின்னால் தபேலா, சால்வை போர்த்திய அக்காக்கள், தூங்கிக்கொண்டே நடக்கிற பிள்ளைகள்.

ஒவ்வொரு வாசலிலும் ஸ்டார் தொங்குகிறது. சில வீடுகளில் மூங்கில் சிம்பு கட்டிக் காகிதம் ஒட்டியது. பல வீடுகளில் கடையில் வாங்கியது. வெளிச்சம் மணலில் ஒரே மாதிரி விழுகிறது.

ஒரு பாட்டு. ஒரு ஜெபம். சுக்குக் காப்பி. பவனி அடுத்த வீட்டுக்குப் போகிறது.

தெருக்கோடியில் ஒரு வீடு பூட்டியிருக்கிறது. அங்கேயும் நிற்கிறார்கள். பாடுகிறார்கள்.

*

ஏரலில் அத்தை வீடு. புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள்.

சுண்ணாம்புக்கு அடியில் ஒரு கோடு தெரிகிறது. தோள் உயரம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு ஊருக்குள் வந்தது. சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. உள்ளே சுமார் 800 பேர்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு இந்த வீட்டில் எண்ணெய் காயவில்லை. பைபிளை வெயிலில் தாள் தாளாக விரித்து வைத்திருந்தார்கள்.

அத்தை அந்தக் கோட்டின்மேல் காலண்டர் மாட்டுகிறாள். காலண்டர் அகலம் போதவில்லை. இரண்டு பக்கமும் கோடு நீள்கிறது.

*

விடியற்காலை நான்கு மணி. மெஞ்ஞானபுரம்.

மணி அடிக்கிறது. தூரத்து ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. மார்கழிப் பனியில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. காது பிரித்துப் பார்க்கவில்லை.

தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. பனைகளுக்கு மேலே அது மட்டும் போகிறது. உச்சியில் சீரியல் விளக்கு. கழுத்து வலிக்கும் வரை பார்த்தாலும் உச்சி அங்கேயே இருக்கிறது.

*

உள்ளே புதுத்துணியின் கஞ்சி வாசம். மல்லிகை. மெழுகு.

வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை எடுக்கிறார்கள். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். தஞ்சாவூரில் இருந்து பாடியவர். பாடகர் குழு முந்துகிறது. பின்வரிசைப் பாட்டிகள் தங்கள் வேகத்தில் வருகிறார்கள். ஆர்மோனியம் இருவருக்கும் நடுவில் காத்திருக்கிறது.

பக்கத்தில் ஒரு குழந்தை புதுச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறது. பிரசங்கம் முழுவதும் அதே பொத்தான்.

*

இந்த ஆலயத்தைக் கட்டிய ஜான் தாமஸ் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தவர். ஆலயம் 1847இல் பிரதிஷ்டை ஆனது. அவர் 1870இல் இங்கேயே காலமானார். கல்லறையும் இங்கேதான்.

கடல் தாண்டி வந்தவர் இந்த மணலில் இருக்கிறார். இந்த மணலில் பிறந்தவர்கள் மும்பையில், சென்னையில், வளைகுடாவில் இருக்கிறார்கள். டிசம்பரில் வருகிறார்கள். ஜனவரியில் போகிறார்கள்.

எண்ணம் வருகிறது. எண்ணமும் போகிறது.

*

காலைச் சாப்பாடு. தோசை, ஆட்டுக்கறிக் குழம்பு. குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கிறது. யாரும் எழுந்திருக்கவில்லை.

பிள்ளைகள் தட்டுகளோடு தெருவில் இறங்குகிறார்கள். அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, இரண்டு வாழைப்பழம், ஒரு துண்டு கேக். மேலே குரோஷா துணி. தீபாவளிக்குப் பலகாரம் வந்த வீடுகளுக்கு முதலில் போகிறது. ரம்ஜானுக்கு வந்த வீடுகளுக்கும்.

தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. ஒரு கைப்பிடி சீனி வருகிறது. சில வீடுகளில் இரண்டு வெற்றிலை.

*

மறுநாள் வேன்.

முன் சீட் தாத்தாவுக்கு. ஜன்னல் ஓரங்கள் முன்கூட்டியே பங்காகிவிட்டன. மடியில் பிள்ளைகள், காலடியில் தூக்குச் சட்டி.

வெளியே செம்மணல் மேடுகள். முந்திரி மரங்கள். குடை விரித்த உடை மரங்கள். வேன் உடன்குடியில் நிற்கிறது. கருப்பட்டி வாங்குகிறார்கள், சென்னைக்கு ஒரு கட்டு, மும்பைக்கு ஒரு கட்டு. கடைக்காரர் கருப்பட்டியை ஓலையோடு வைத்துத் தாளில் சுற்றுகிறார். தாள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறது.

*

மணப்பாடு.

மேட்டின் மேல் சிலுவைக் கோயில். கீழே கடல். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்த கரை. அவர் தங்கிய குகைக்குள் குனிந்துதான் போக முடிகிறது. தாத்தாவும் குனிகிறார். பேரனும் குனிகிறான், குனியத் தேவையில்லாத உயரம்.

படகுகள் கரையேறிக் கிடக்கின்றன. வலைகள் மடிந்திருக்கின்றன. கடல் மட்டும் வேலை செய்கிறது.

*

பெரியம்மா சேலையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அலை வருகிறது. காலடி மணலை எடுத்துக்கொண்டு போகிறது. கொஞ்சம் சாய்கிறாள். நிமிர்கிறாள். அடுத்த அலை.

அச்சைப் பிடித்த கை இப்போது மும்பைப் பேத்தியைப் பிடித்திருக்கிறது.

*

எலுமிச்சைச் சாதத்தில் மணல். நறநறக்கிறது. எல்லாரும் சாப்பிடுகிறார்கள்.

உவரிக் கடற்கரையில் கப்பல் மாதிரி ஒரு மாதா கோயில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வர மாட்டோம் என்று சின்னப் பிள்ளைகள் ஒரே பிடியாக நிற்கிறார்கள். நாளைக்குச் சித்தப்பாவுக்கு ரயில். பெட்டி இன்னும் கட்டவில்லை. டிரைவர் வேனைத் திருப்பி நிறுத்தி, எந்தப் பக்கம் என்று கேட்கிறார். சித்தப்பா மணி பார்க்கிறார்.