பேயின்மேற் பழி

செண்டாயான் பக்கத்தில் பால்மரம் குறைந்து செம்பனை மிகுந்து, செம்பனையும் குறைந்து வீடமைப்புப் பகுதிகள் பெருகிவரும் இக்காலத்தில், லயத்துப் பிள்ளைகள் கதை கேட்பது பாட்டியிடமன்று, கைப்பேசியிடத்தே. சென்ற வாரம் ஆபீசுத் திண்ணையில் நான்கைந்து பிள்ளைகள் கூடி ஒரு கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை நாம் செக்ரோல் எழுதிக்கொண்டே கேட்டோம். விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் முற்காலத்தில் நிகழ்ந்த கொலைகள் அதே முறையில், அதே இடங்களில் மறுபடியும் நிகழ்கின்றனவாம். கொன்றவன் ஒரு மாணவனே. ஆயினும், மாண்டுபோன பழைய கொலைகாரனின் ஆவி அவனுட் புகுந்திருந்தமையால் அவன் நிரபராதி என்று கதை முடிகிறதாம். அருகிருந்த பெரியவர் ஒருவர், இப்படிப்பட்ட கதைகளாலேயே பிள்ளைகள் கெட்டுப்போகின்றனர் என்று சினந்தார். நமக்குக் கதையின்மேற் சினமில்லை. அதன் முடிவின்மேல்தான் ஐயமுண்டாயிற்று.

ஒருவன் செய்த கொலையைப் பார்த்து மற்றொருவன் செய்வது புதிய விஷயமன்று. 1888ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் பெண்கள் பலர் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். அச்செய்தி பரவியபின் அதனைப் போன்ற குற்றங்கள் பிறவிடங்களிலும் தோன்றியதை, பிரெஞ்சு அறிஞர் தார்து 1890இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். அதற்கும் வெகுகாலம் முன்பே நம் பாரதக் கதை இதனைக் கண்டிருக்கின்றது. புராணங்களில் நேயர்களுக்குப் பற்றுண்டா இல்லையா என்பது வேறு விஷயம். போர் முடிந்த இரவில் அசுவத்தாமன் ஆலமரத்தடியில் விழித்திருக்கின்றான். உறங்கும் காகங்களை ஓர் ஆந்தை வந்து கொன்று குவிப்பதைக் காண்கின்றான். கண்டபடியே பாசறைக்குட் சென்று, உறங்குவோரை வெட்டி வீழ்த்துகின்றான். அது மட்டுமா? பாசறை புகுமுன் சிவபெருமானே அவன் உடலிற் புகுந்தார் என்றும் அக்கதை கூறுகின்றது. பார்த்துச் செய்தேன் என்னலாம். ஆவேசத்தில் செய்தேன் என்றும் சொல்லலாம். இரண்டு சாக்கும் அவன் கையில் இருந்தன. இருந்தும், மூவாயிரம் ஆண்டு அலையுமாறு கண்ணன் சபித்தது ஆந்தையையன்று, சிவனையுமன்று; அவனையே.

இது பழங்கதை என்று தள்ளிவிடுவார் உண்டு. 2017ஆம் ஆண்டில் கோலாலம்பூரின் சுங்கை பீசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழக விடுதியில், மடிக்கணினி ஒன்றைத் திருடியதாக ஒரு பயிற்சி மாணவர்மேல் சக மாணவர் பழி சுமத்தினர். மந்திரித்த தண்ணீரைக் கொண்டு திருடனைக் கண்டுபிடித்த விஷயமும் அவ்வழக்கில் அடிபட்டது. அவ்விளைஞரை ஆவி இஸ்திரிப் பெட்டியால் உடலெங்கும் சுட்டனர். ஜூன் முதல் தேதி அவர் உயிர் நீத்தார். தண்ணீர் மந்திரித்ததோ அல்லாததோ, இஸ்திரிப் பெட்டியை அது சூடாக்கவில்லை. சூடாக்கிய கைகள் வேறு. 1996இல் அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டதும், அதன்பின் 1997இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் பிறந்ததும் நேயர் அறிந்தவையே. அங்கே பேயுமில்லை, மந்திரமுமில்லை. மூத்தவன் இளையவனை வதைப்பது வழக்கம் என்ற ஒன்றே போதுமாயிருந்தது.

ஆயின், எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தல் தகுமா? 2009இல் இணையத்தில் ஒருவர் விளையாட்டாகக் கற்பித்த முகமற்ற நெட்டைப் பேயொன்றை மெய்யென நம்பி, 2014 மே மாதத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமியர் இருவர் தம் தோழியைப் பத்தொன்பது முறை கத்தியால் குத்தினர். தோழி பிழைத்தாள். சித்தம் பேதலித்த நிலையிற் செய்தனர் எனக் கண்ட நீதிமன்றம், அவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பியது. அது நியாயமே என்று நாம் கருதுகின்றோம். பேயை மெய்யாகவே நம்பிய பேதையின் குற்றம் வேறு. நம்பாமலே பேயின் பெயரை வழங்கியவன் குற்றம் வேறு.

இதனை நாம் பிறரைக் குறித்து மட்டும் எழுதவில்லை. ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் விடுதிப் பள்ளி ஒன்றில் நாம் படித்தோம். கடைக்கோடிக் குளியலறையில் எப்பொழுதோ ஒரு மாணவன் மாண்டானென்றும், ஆண்டுதோறும் புதிதாய் வருபவனை அவன் அடிப்பானென்றும் ஒரு கதை அங்கே இருந்தது. முதலாண்டில் விளக்கணைந்தது, ஈரத் துண்டில் முடிச்சிட்டு நம்மை அடித்தனர். யாரென்று தெரியவில்லை. மூன்றாமாண்டில் விளக்கை அணைத்தவர் நாம். துண்டு நம் கையில் இருந்தது. பேய் இல்லை என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் அவ்விடுதியில் எவருமிலர். அன்று அடிபட்ட, தோட்டத்திலிருந்து வந்த சிறுவனுக்கு இடக்காது மந்தமாயிற்று. விசாரணை நடந்தது, பேய் அடித்தது என்றோம். ஒரு பூசாரியை அழைத்துத் தண்ணீர் தெளித்ததோடு விசாரணையும் முடிந்தது. நமக்கு முன் அடித்தவர்கள் கற்பித்ததைத்தானே செய்தோம் என்று பல காலம் மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

செக்ரோலில் ஒருவனுக்குப் போடும் பேரை இன்னொருவனுக்கும் போட முடியாது. பழியின் கணக்கு அப்படிப்பட்டதன்று. கற்றுக்கொடுத்தவனுக்கு முழுப் பழியும் எழுதியபின்பும், கற்றுக்கொண்டு செய்தவனுக்கும் முழுவதுமாகவே எழுத வேண்டியிருக்கின்றது. கதை சொல்பவருக்கும் அதில் ஒரு வரியுண்டு. கொலையைச் சொல்லலாம், கொன்றவனுக்கு அவன் கையையே இல்லாமற் செய்துவிடுவதுதான் தகாது.

மூன்று மாதத்திற்கு முன் சிரம்பான் பேருந்து நிலையத்தில் அச்சிறுவரை, இப்பொழுது இரு பிள்ளைகளின் தந்தையை, நாம் சந்தித்தோம். வலக்காது நம் பக்கமிருக்குமாறு தலையைத் திருப்பிக்கொண்டு, "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றார். மூத்த மகனை விடுதியில் சேர்க்கப் போவதாகச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "அந்தப் பேய் கதை மெய்தானா அண்ணே?" என்று கேட்டார். செண்டாயான் பேருந்து வந்து நின்றது. நாம் ஏறவில்லை. விளக்கை அணைத்தது நாம்தான் என்று சொன்னோம். அவர் காது கேளாதவரைப்போல வெகுநேரம் நம் வாயையே பார்த்திருந்தார். பிறகு, இன்னொரு முறை சொல்லுமாறு கேட்டார்.