மூன்று வரிசைக்கு ஒரு வரிசை பயறு

நாஞ்சில் நாட்டில் மாடு வளர்ப்பவருக்கு வைக்கோல்தான் கைகண்ட தீவனம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் நெல் விளைந்த வீடுகளில் வைக்கோல் படப்புக்குக் குறைவிருக்காது. ஆனால் மாட்டுக்கு வயிறு நிறைவது வேறு, மடி நிறைவது வேறு. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கு இருந்தாலே அதிகம். மாட்டின் முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு, தின்னும் தீவனத்தில் ஏறக்குறைய ஏழு பங்காவது புரதம் வேண்டும். அது இல்லாவிட்டால் வைக்கோலும் சரியாகச் செரிக்காது. அந்தக் குறையை நிரப்பத்தான் புண்ணாக்குக்கு இத்தனை செலவு.

அந்தப் புரதத்தில் ஒரு பங்கை வயலிலேயே விளைவிக்கலாம். தீவன மக்காச்சோளம் மூன்று வரிசை, தீவனத் தட்டைப்பயறு ஒரு வரிசை என விதைத்துச் சேர்த்தே அறுக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். வரிசைக்கு வரிசை 30 செ.மீ. இடைவெளி. ஏக்கருக்கு மக்காச்சோளம் சுமார் 12 கிலோ, பயறு இரண்டரை கிலோ. உலர் எடையில் மக்காச்சோளத் தட்டையில் எட்டு பங்கு அளவுக்கும், பயற்றங்கொடியில் அதைப்போல் இரு மடங்கும் புரதம் உண்டு. அப்படியானால் முழுவதும் பயறே போடலாமே என்று தோன்றும். பயறு மட்டும் போட்டால் தீவன எடை தேறாது. இளங்கொடியை மட்டும் அதிகமாகத் தின்ற மாட்டுக்கு வயிறு உப்பவும் கூடும்.

விதைத்த நாற்பதாம் நாள் வாக்கில் ஒரு பயற்றுச் செடியை மண்ணோடு தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கடுகும் மிளகுமாய் முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை. யூரியாவை வயல் முழுக்க இறைத்தால் முடிச்சு குறையும். மக்காச்சோள வரிசைக்கு மட்டும் வைப்பதே முறை.

பயறு தன் நைட்ரஜனைப் பக்கத்து மக்காச்சோளத்துக்கு அப்படியே ஊட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் போகத்தில் அப்படிப் போய்ச் சேர்வது சொற்பம். மண்ணில் இருக்கும் நைட்ரஜனுக்குப் பயறு அதிகம் போட்டியிடாது என்பதே மக்காச்சோளத்துக்கு உடனடி லாபம். தண்டும் இலையும் மாட்டுக்குப் போய்விடுவதால், அதிலுள்ள சத்து சாணமாக வயலுக்குத் திரும்பினால்தான் மண் தேறும்.

நமக்குத் தோதான காலம், மாசி, பங்குனியில் கும்பப்பூ அறுப்பு முடிந்து வயல் சும்மா கிடக்கும் இடைவெளி. அப்போது கால்வாயில் தண்ணீர் வரத்து நின்றிருக்கும் என்பதால், கிணறு உள்ளவர்களுக்கே இது கைகூடும். கோடை மழையில் வயலில் நீர் தேங்கினால் மக்காச்சோளம் தாங்காது, வடிகால் அவசியம். அறுபது நாள் வாக்கில், கதிரில் பால் பிடிக்கும்போது அறுத்துவிடலாம். வயல் இல்லாதவர்களுக்குத் தென்னை விளை இருக்கிறது. வெயில் நன்றாக இறங்கும் முதிர்ந்த மரங்களுக்கிடையே, மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் விட்டு விதைக்கலாம்.

மக்காச்சோளத்துக்குப் பதில் சோளம் விதைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இளஞ்சோளத்திலும் வாடிய சோளத்திலும் மாட்டைக் கொல்லும் சயனைடு நஞ்சு உண்டு. பூக்கும் முன் அறுத்துப் போடாதீர்கள், மாட்டை அதில் மேயவும் விடாதீர்கள்.