நோயிலும் ஒரே பந்தி



ஞாயிற்றுக்கிழமை நம் தாங்கலில் உச்சிப்படிப்பு முடிந்ததும் அன்னதர்மம் நடக்கிறது. ஒரு வீட்டிலிருந்து அரிசி வருகிறது, இன்னொரு வீட்டிலிருந்து பூசணிக்காய் வருகிறது. ஒன்றும் கொண்டுவர முடியாதவர் பாத்திரம் கழுவுகிறார். எல்லாம் ஒரே பானையில் வேகிறது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று பந்தியில் யாரும் கேட்பதில்லை. பசித்தவருக்கு இலை போடுகிறோம், அவ்வளவுதான்.

நம் தாங்கலுக்கு வரும் ஒரு தம்பி ஒரகடம் பக்கம் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். போன வருடம் அவர் மனைவிக்குத் திடீரென்று ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. நகையை அடகு வைத்தார். போதாமல் அஞ்சு வட்டிக்கும் வாங்கினார். நாங்கள் சேர்த்துக் கொடுத்த பணம் மருந்துச் செலவுக்கே காணவில்லை. பிறகு அவர் சம்பளச் சீட்டைப் பார்த்தால், மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்கள். மனைவி பெயரை மட்டும் சேர்க்கவில்லை. வாரந்தோறும் அவருக்குச் சோறு பரிமாறிய நான் இதை ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அந்தக் குறை என்னுடையது.

இ.எஸ்.ஐ.யும் ஒரே பானைதான். 1948-ல் வந்த சட்டம் அது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர், காண்ட்ராக்ட் ஆளானாலும், அதில் சேர வேண்டும். 16,000 ரூபாய் சம்பளத்துக்கு நம்மிடம் பிடிப்பது 120 ரூபாய், முதலாளி போடுவது 520 ரூபாய். மனைவி, பிள்ளைகள், நம்மை நம்பியிருக்கும் தாய் தகப்பன் எல்லோருக்கும் வைத்தியம் உண்டு. பணம் கட்டிய நாள் கணக்குச் சரியாக இருந்தால், நோயால் வேலைக்குப் போகாத நாளுக்கு 70 சதவீதச் சம்பளம் வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும்.

இ.எஸ்.ஐ. இல்லாமல், வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அரசு ஆஸ்பத்திரியிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை பெறலாம். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். விவரம் கேட்க 1800 425 3993.

“மண்ணும் தண்ணீரும் கொடுத்தே அய்யா நோய் தீர்த்தாரே, அட்டை எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். நோய் தீர்த்ததோடு அய்யா நிற்கவில்லை. வாகைப்பதியில் 700 குடும்பங்களைத் துவையல் தவசு இருக்க வைத்தார். சுத்தமாக இருக்கவும் கூடி வாழவும் பழக்கினார். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்தார். தாழ்ந்து கிடப்பவரைத் தனியே விடாதே என்பதே அதன் பாடம். திருநாமம் நெற்றியில் இருக்கட்டும், அட்டை பையில் இருக்கட்டும்.

இதைக் கேட்க யாரும் கூச வேண்டாம். தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வணங்கச் சொன்னவர் அய்யா. பிடித்த பணத்தைக் கட்டினீர்களா என்று காண்ட்ராக்டரிடம் கேட்பது நம் உரிமை.

வரும் ஞாயிறு சம்பளச் சீட்டும் ரேஷன் கார்டும் கொண்டு வாருங்கள். அன்னதர்மம் முடிந்ததும் உட்கார்ந்து யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்போம். கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி தங்கைகள் உதவிக்கு வாருங்கள். அதுவும் பணிவிடைதான்.

அய்யா உண்டு!