பலகைக்கு 48 மணி நேரம்

பெட்டியைப் பிரிக்கக் கத்தி தேடிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி கையைக் காட்டித் தடுத்தார். "இப்போ பிரிக்காதீங்க சார். ரெண்டு நாள் இந்த ரூம்லயே படுக்கப் போட்டு வைங்க. நம்ம ஊரு காத்துக்கு அது பழகணும்."

கடையில் கொடுத்த துண்டுத்தாளும் அதையேதான் சொன்னது. லேமினேட் பலகைகளை எந்த அறையில் போடப் போகிறோமோ அந்த அறையிலேயே 48 மணி நேரம் கிடத்தி வைக்க வேண்டும். நிறுத்தி வைக்கக் கூடாது, சுவரில் சாய்க்கக் கூடாது, ஈரம் படக் கூடாது, வெயில் நேராக விழக் கூடாது. எட்டுப் பெட்டிகளும் எங்கள் படுக்கையறையில் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் படுத்திருந்தன. நானும் மனைவியும் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டோம். சம்பந்தி வீட்டார் வந்து தங்கியபோதுகூட இந்த வீட்டில் இவ்வளவு உபசாரம் நடந்ததில்லை.

அந்தப் பெட்டிகளை நான்கு மாடி ஏற்றியவன் பீகாரிலிருந்து வந்த ஒரு பையன். இருபது வயது இருக்கலாம். பெட்டி ஒன்று ஏறக்குறைய 15 கிலோ. லிஃப்டில் கட்டுமானச் சாமான் ஏற்றக் கூடாது என்பது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதி. உள்ளே இருக்கும் கண்ணாடியில் கீறல் விழுந்துவிடுமாம். ஆக, 120 கிலோவும் தோள்மேல்தான் படியேறியது. கடைசிப் பெட்டியை இறக்கி வைத்தவனிடம், ஊரிலிருந்து எப்போது வந்தாய் என்று கேட்டேன். "நேத்து, அண்ணா" என்றான். நம் ஊர்க் காற்றுக்குப் பழக அவனுக்கு ஓர் இரவு கிடைத்திருந்தது.

இதை எல்லோரும் 'வுட்டன் ஃப்ளோரிங்' என்கிறோம். மரம் போலத் தெரிவது மரத்தின் அச்சுப்படம். படத்துக்குக் கீழே, மர இழையைப் பிசினோடு கலந்து சூட்டில் அழுத்திய கெட்டி அட்டை. படத்துக்கு மேலே மெலமின் பூச்சு, அதில் அலுமினியம் ஆக்சைடு துகள். நாற்காலிக் காலும் செருப்புக் காலும் தேய்த்தும் தரை தேயாமல் இருப்பது அந்தத் துகளால்தான். உப்புத்தாளில் இருக்கிற அதே சரக்கு. 1977இல் சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் இதை உருவாக்கியது. முதலில் பசை தடவித்தான் பலகைகளைச் சேர்த்தார்கள். 1990களின் நடுவில் சுவீடனின் வேலிங்கேயும் பெல்ஜியத்தின் யூனிலினும், ஒரு பலகையின் நாக்கை அடுத்ததன் பள்ளத்தில் சாய்த்துச் செருகி அமுக்கினால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தன. ஆணி வேண்டாம், பசை வேண்டாம், ஆசாரிகூட வேண்டாம். யார் வேண்டுமானாலும் போடலாம் என்றானது. மேல்நாட்டில் விடுமுறை நாளில் வீட்டுக்காரரே போட்டுக்கொள்கிறார். நம் ஊரில் 'யார் வேண்டுமானாலும்' என்பதற்குப் பொருள் வேறு. எவ்வளவு குறைந்த கூலிக்கு வருகிறவரை வைத்தும் முடித்துவிடலாம் என்பது அது.

கூலி சதுர அடிக் கணக்கில். கடைக்காரர் எடுத்துக்கொண்டது போக, ஒரு சதுர அடிக்கு மேஸ்திரி கையில் வந்தது என் அலுவலக வளாகத்தில் விற்கும் காப்பியின் விலையில் பாதிகூட இல்லை. வெட்கத்தோடுதான் கணக்குப் போட்டேன். இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பூட்டிய பலகைக்குத்தான் காசு. கண்ணாடி மாட்டுவதற்கும், மழுங்கிய பிளேடை மாற்றுவதற்கும், ஒயரைச் சுருட்டி ஓரமாக வைப்பதற்கும், எழுந்து நின்று இடுப்பை நிமிர்த்துவதற்கும் சதுர அடி கிடையாது.

அறுப்பதற்குப் பால்கனியைக் கேட்டார்கள். கொடுத்தேன். சலவைக்கல் அறுக்கும் கை மிஷினில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டியிருந்தது. நம் தச்சர்கள் பலர் கையில் இருப்பது இதுதான். மலிவு, இலேசு, எந்தத் தெருவிலும் பழுது பார்க்கலாம். நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவுக்குச் சுழல்கிற இந்த மிஷின், கல்லைத் தேய்த்து அறுக்கும் பல்லில்லாத வட்டுக்காகச் செய்யப்பட்டது. பல் வைத்த பிளேடு அட்டையைக் கடித்துச் சிக்கிக்கொண்டால், பிடித்திருப்பவரை நோக்கித் துள்ளும். அலுமினியம் ஆக்சைடு பிளேடின் பல்லைச் சீக்கிரம் மழுக்குகிறது. மழுங்கியதை இன்னும் அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்த அழுத்தத் துள்ளல் கூடுகிறது. கையைக் காக்கும் தகட்டை மேஸ்திரி எப்போதோ கழற்றியிருந்தார். "அது இருந்தா கோடு தெரியாது சார்." பலகையை இடது காலால் மிதித்துக்கொண்டு அறுத்தார். காலில் ரப்பர் செருப்பு.

ஒயரின் நுனியில் பிளக் இல்லை. செம்புக் கம்பிகளைச் சாக்கெட் துளையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருந்தான் பையன். மேசை டிராயரைக் கிளறி ஒரு பழைய பிளக்கைக் கொடுத்தேன். பூட்ட நான்கு நிமிடம் ஆயிற்று. அன்று பாதுகாப்புக்கு நான் செய்த தொண்டு அது ஒன்றுதான். அதுவும் வீட்டு ஒயரிங் புகைந்துவிடுமோ என்ற பயத்தில்.

தூசியை நான் மறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. காலையிலேயே ஏசிக்குப் பாலித்தீன் உறை போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். புத்தக அலமாரிக்கு அம்மாவின் பழைய சேலை. கொரோனா காலத்து என்-95 முகக்கவசங்கள் ஒரு பெட்டி மிச்சமிருப்பது நினைவுக்கு வந்தபோது மணி பதினொன்றரை. ஏசி அவர்களை இரண்டரை மணி நேரம் முந்திவிட்டது. மேஸ்திரி என் மரியாதைக்காக ஒன்றை மாட்டிக்கொண்டார். மே மாதம், தூள் பறக்கும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தோம். கால் மணியில் கவசம் தாடைக்கு இறங்கியது, பிறகு சட்டைப் பைக்குப் போயிற்று. நான் மட்டும் என்ன, அந்தப் புழுக்கத்தில் பத்து நிமிடம் தாங்கியிருப்பேனா?

அறுபட்ட தூள் மைதா மாதிரி இருந்தது. மரத்தூள் என்றால் நமக்குச் சாதுவான சமாச்சாரம். பள்ளியில் ஒட்டுவேலைக்குப் பயன்படுத்தியது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியென்ற முதல் வகுப்பில் 1995இலேயே சேர்த்துவிட்டது. மூக்கிலும், அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வருகிற புற்று. அட்டையை இறுக்கும் பிசினிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு 2004இல் அதே வகுப்புக்கு வந்தது. பழைய அலமாரி இருந்த இடத்தில் ஒரு சிமென்ட் மேடு இருந்தது. தரையின் ஏற்ற இறக்கம் 2 மீட்டருக்கு 3 மில்லியைத் தாண்டினால் பலகையின் பூட்டு உடையும் என்பதால், அந்த மேட்டைத் தண்ணீர் விடாமல் தேய்த்து எடுத்தார்கள். பத்து நிமிட வேலை. அதில் பறந்த சிலிக்காவும் முதல் வகுப்புதான், 1997 முதல்.

பெட்டியின் பக்கத்தில் 'ஈ1' என்று அச்சிட்டிருந்தது. அது ஐரோப்பிய அளவுகோல்: சோதனை அறையின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராமுக்கு மேல் ஃபார்மால்டிஹைடு சேரக் கூடாது. அந்தத் தரையில் நடந்து, அதன்மேல் கட்டில் போட்டுத் தூங்கப் போகிற எனக்குத் தரப்பட்ட உறுதிமொழி அது. பால்கனியில் மூக்குக்கு ஒன்றரை அடி தூரத்தில் கிளம்புகிற தூளைப் பற்றி அந்த ஓரெழுத்தும் ஓரெண்ணும் வாய் திறப்பதில்லை.

குடியிருப்பவரின் மூச்சுக்காக உலகம் கவலைப்படாமல் இல்லை. 2015 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' நிகழ்ச்சி, லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்ற கடைத்தொடர் விற்ற சீனத் தயாரிப்பு லேமினேட்டுகளில் ஃபார்மால்டிஹைடு வரம்பு மீறியிருக்கிறது என்றது. பங்கு விலை சரிந்தது; வழக்குகள் குவிந்தன; வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு 2018இல் 3.6 கோடி டாலர் சமரசத்துக்கு வந்தது. நடுவே, 2016 பிப்ரவரியில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு மதிப்பீடு வெளியிட்டது: அந்தத் தரையோடு வாழ்பவர்களில் லட்சத்துக்கு 2 முதல் 9 பேருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம். சில நாட்களில் ஒரு பிழை தெரியவந்தது. அறையின் உயரத்தை அடியிலிருந்து மீட்டருக்கு மாற்ற மறந்திருக்கிறார்கள். காகிதத்தில் அறை மூன்று மடங்கு உயர்ந்துவிட, காற்று நீர்த்துப் போய்விட்டது. திருத்திய கணக்கில் 6 முதல் 30 பேர்.

மேஸ்திரி என் அறையை டேப்பால் அளந்து பையனிடம் சொன்னது ஞாபகம் வருகிறது. "பன்னெண்டு அடி மூணு அங்குலம். மூவாயிரத்து எழுநூத்தி முப்பத்தி நாலு மில்லி. எழுதிக்கோ." இரண்டும் சரி. அவர் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 1996இன் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் தலைக்கவசம் முதல் கழிப்பறை வரை யோசித்த சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு அது பொருந்தியது. என் வீட்டில் இரண்டு பேர். இன்னும் எட்டுப் பேரை என் படுக்கையறையில் எப்படியாவது நிறுத்தியிருந்தால் மேஸ்திரியின் கண்ணும் விரலும் சட்டத்தின் பார்வைக்கு வந்திருக்கும். அப்போதும் சிக்கல்தான்: ஒருவர் தன் சொந்த வீட்டுக்கு 10 லட்ச ரூபாய்க்குள் செய்துகொள்ளும் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. அதற்குப் பதிலாக 2020இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் பத்து பத்தாகவே இருக்கிறது. 10 லட்சம் மட்டும் 50 லட்சமாயிற்று. விலைவாசி ஏறியிருப்பதைச் சட்டம் கவனித்திருக்கிறது.

மேஸ்திரியிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை உண்டு. மகளின் படிப்புக்கு உதவித்தொகை வாங்கியிருக்கிறார். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். வாரியம் விபத்துக்குப் பிறகு வரும். விபத்துக்கு முன்னால் வர யாரும் இல்லை.

ரத்தம் வருகிற காயத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். முழங்கால் அப்படியல்ல, அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் போவது. டென்மார்க்கில் தரை போடும் தொழிலாளர்களின் முழங்கால்களைப் படமெடுத்து, வரைகலை வடிவமைப்பாளர்களின் முழங்கால்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தரை போடுபவர்களிடம் சவ்வுக் கிழிசலும் மூட்டுத் தேய்மானமும் கூடுதல். அந்த நாட்டில் இதைத் தெரிந்துகொண்டதோடு விடவில்லை. நின்றபடியே பசை பரப்ப நீளக் கைப்பிடிக் கருவிகளைக் கொண்டுவந்து, அவற்றைப் பயன்படுத்தத் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். என் பிழைப்பு பத்திரிகைப் பக்கங்களை வடிவமைப்பது. அந்த ஒப்பீட்டில் நான் எந்த வரிசை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேஸ்திரிக்கு வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் செய்யாறு பக்கம். "முன்னெல்லாம் ஆடி மாசம் கோயில்ல விழுந்து கும்பிடுவேன். இப்போ விழுந்தா எழ முடியாது சார். நின்னுக்கிட்டே கும்பிட்டுக்கறேன். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா." முழங்கால் பேட் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். இரண்டு முறை வாங்கியதாகவும், பட்டை பின்னங்காலை இறுக்கிப் பிடித்து மரத்துப்போவதாகவும் சொன்னார். அவர் வைத்திருந்த உபாயம் வேறு. பலகைக்கு அடியில் விரிக்கும் 3 மில்லி ஃபோம் ஷீட்டில் ஒரு துண்டை எட்டு மடிப்பாக மடித்து முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்வார். ஒரு வரிசை முடிந்ததும் அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு நகர்வார். பையனுக்கு அதுகூட இல்லை, குத்துக்காலிட்டே உட்கார்ந்திருந்தான். இருபது வயது முழங்கால்.

சுவரோரம் சுற்றிலும் 10 மில்லி இடைவெளி விட்டார்கள். அறுத்த துண்டுகளையே ஆப்பு மாதிரிச் செருகி வைத்து, பிறகு உருவினார்கள். எதற்கு என்று தெரிந்தும் கேட்டேன். "மழைக்காலத்துல பலகை ஈரத்தை இழுத்து உப்பும் சார். இடம் விடலன்னா நடுவுல தூக்கிக்கும். அதுவும் மூச்சு விடணும்ல." சொல்லிவிட்டு இருமினார். அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் வந்து மூடிவிடும். யார் கண்ணிலும் படாது. துண்டுத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஈரம், வெப்பம், இடைவெளி, ஓய்வு என்று பலகைக்கு இரண்டு பக்கம். கண்ணாடியும் கவசமும் மாட்டிய மனிதத் தலை, கடைசி மூலையில், தபால்தலை அளவில்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கதவோரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஃபோம் சுருள் தீர்ந்துவிட்டது. இரண்டடிக்குக் குறைகிறது. கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். வேளச்சேரியில் அடுத்த வீடு காத்திருக்கிறது. நான் போய் வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார் மேஸ்திரி. ஒரு கையைச் சுவரில் ஊன்றி மெல்ல எழுந்தார். முழங்காலுக்கு அடியில் கிடந்த ஃபோமை எடுத்து உதறினார். மடிப்பு மடிப்பாகப் பிரித்து, குறைந்த இடத்தில் விரித்து, உள்ளங்கையால் இரண்டு முறை நீவினார். மடிப்பு வரிகள் போகவில்லை. பையன் டேப் ஒட்டினான்.

பிறகு வெறும் பலகைமேல் முழங்காலை ஊன்றிக் கடைசி மூன்று பலகைகளைப் பூட்டினார். கதவைத் திறந்து உள்ளே போனால் இடது பக்கம், இரண்டாவது பலகைக்கு அடியில் இருக்கிறது அந்தத் துண்டு.