காண்பவன் கடன்

சில ஆண்டுகளுக்கு முன் வார இதழ் ஒன்றில் ஒரு சிறுகதை எழுதினேன். கதை கொடைக்கானலில் நடக்கிறது. காதலர் இருவர் பைன் மரக் காட்டில் கடைசி முறையாகச் சந்தித்துப் பிரிகிறார்கள். அந்தக் காட்டை வருணிக்கும்போது, 'யுகயுகமாகத் தவம் செய்யும் முனிவர்களைப் போல அம்மரங்கள் நின்றன' என்று எழுதியிருந்தேன். எழுதிய எனக்கே அந்த வரியில் ஒரு மயக்கம். பாராட்டி வந்த கடிதங்கள் பலவும் அதையே எடுத்துச் சொல்லின.

ஒரு கடிதம் மட்டும் வேறு விதமாக இருந்தது. மேல்மலைக் கிராமம் ஒன்றில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிற ஒருவர் எழுதியது.

"ஐயா, கதை நன்றாக இருந்தது. என் மகள் படித்துவிட்டுக் கண் கலங்கினாள். ஆனால் அந்த மரங்கள் முனிவர்கள் அல்ல. எங்கள் மலையில் பிறந்தவையும் அல்ல. எங்கள் பக்கத்தில் அவற்றை நட்டவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். நாள் கூலிக்கு நட்டார். அதற்கு முன் அங்கே புல் இருந்தது. புல்வெளிக்குக் கீழே ஓடை இருந்தது. இப்போது அந்த ஓடையில் மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணீர். அடுத்த முறை வரும்போது மரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நிற்காமல் அதன் அடியையும் பாருங்கள்."

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கதை என்ன நிலநூல் பாடமா என்று கேட்டுக்கொண்டேன். கடிதத்தை மேசை அறையில் போட்டு மூடினேன். ஆனால், பதில் எழுதாத கடிதம் ஒன்று மேசையில் இருக்கிறது என்பதை மறக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் நண்பர் ஒருவர் என்னைக் கொடைக்கானலுக்கு அழைத்தார். ஒரு நாள் படகு, ஒரு நாள் மலை நடை, இரவில் கூடாரம் என்று அவருடைய கல்லூரி மகன் திட்டம் போட்டிருந்தான். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் உயர்நீதிமன்ற ஆணைப்படி வந்த இ-பாஸ் முதற்கொண்டு எல்லாவற்றையும் அவனே வாங்கி வைத்துவிட்டான். "நீ வந்து வேடிக்கை பார்த்தால் போதும்" என்றார் நண்பர்.

வேடிக்கை பார்த்தால் போதுமா? இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி அதுதான்.

முதல் நாள் மாலை ஏரியில் துடுப்புப் படகு ஒன்றை அமர்த்திக்கொண்டோம். வெயில் சாய்ந்து, மரங்களின் நிழல் தண்ணீரில் நீண்டு கிடந்தது. "ஆண்டவன் அள்ளிக் கொடுத்திருக்கிறான்" என்று நான் சொன்னேன். படகோட்டி நடு வயதைத் தாண்டியவர். துடுப்பை நிறுத்தாமலே சிரித்தார்.

"ஆண்டவன் ஓடையைக் கொடுத்தாரு சார். ஏரியை ஒரு வெள்ளைக்காரத் துரைதான் கட்டினாரு. அந்தப் பக்கம் போனீங்கன்னா கரையைப் பார்க்கலாம். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்துச்சுன்னு சொல்லுவாங்க."

அவர் சொன்னது உண்மை. மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் என்ற ஆங்கிலேயர், 1863ஆம் ஆண்டில் இங்கே கரை எழுப்பி ஓடைகளைத் தேக்கினார். தம் கைப்பணத்தையே அதற்குச் செலவிட்டார் என்பார்கள். அதற்கு முன் அது சதுப்பு நிலம். ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பில் நட்சத்திரம்போல விரிந்து கிடக்கும் இந்த நீர்ப்பரப்பு, கடல்மட்டத்திலிருந்து 7,000 அடி உயரத்தில் மனிதன் செய்து வைத்த ஒன்று.

அதைக் கேட்டதும் நண்பரின் மகன் முகம் சற்று வாடியது. "அப்படியென்றால் இது இயற்கை இல்லையா, மாமா?" என்று கேட்டான். ஏமாற்றப்பட்டவனுடைய குரல் அது. செய்யப்பட்ட அழகு பொய்யான அழகு என்று அவன் நினைத்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமவெளியில் நாம் ஏரி என்று அழைப்பவற்றில் பெரும்பாலானவை மனிதர் கரை எழுப்பி உண்டாக்கியவையே. வீராணம் ஏரி சோழர் காலத்தில் வெட்டப்பட்டது. அதன் கரையில் நின்று கடல்போல் விரிந்த தண்ணீரைப் பார்க்கிறவர் எவரும் இது பொய் என்று சொல்வதில்லை.

ஆனால் அந்த ஏரிகளோடு இன்னொன்றும் சேர்ந்தே இருந்தது. குடிமராமத்து என்று பெயர். ஏரித் தண்ணீரால் பயன் பெறுகிறவர்கள் ஒன்றுகூடி, வாய்க்காலைத் தூர் வாரி, கரை இளகிய இடத்தில் மண் போட்டுச் செப்பனிட வேண்டும். ஏரி யார் கட்டியது என்பது அங்கே கேள்வியே அல்ல. உன் வயலுக்குத் தண்ணீர் வந்ததா? வந்ததென்றால் மண்வெட்டியோடு வா. அவ்வளவுதான்.

தண்ணீரால் பயன் பெற்றவனுக்கு அந்தக் கடமை உண்டு. கண்ணால் பயன் பெற்றவனுக்கு உண்டா? படகை விட்டு இறங்கும்போது இதை நண்பரிடம் கேட்டேன்.

"எனக்கு என்ன கடன்? சீட்டு வாங்கியாயிற்று. படகுக்கும் கொடுத்தாயிற்று, படகோட்டிக்கும் கையில் கொடுத்தாயிற்று" என்றார் அவர்.

"படகுக்குக் கொடுத்தாய், ஓட்டியவருக்கும் கொடுத்தாய். ஏரிக்கு?"

அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் உள்ளூர் இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். முதலில் பைன் காட்டுக்குப் போனோம். 1906ஆம் ஆண்டளவில் நடத் தொடங்கிய மரங்கள் என்று அவர் சொன்னார். அண்ணாந்து பார்த்தேன், என் முனிவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு, கடிதம் நினைவுக்கு வந்து கீழே பார்த்தேன். உதிர்ந்த ஊசி இலைகள் மெத்தைபோலக் கிடந்தன. மற்றபடி பச்சை என்று சொல்ல அதிகம் இல்லை. மரங்கள் வரிசையாக நின்றன. அத்தனை முறை வந்திருந்தும் அந்த வரிசை என் கண்ணில் பட்டதில்லை. தவம் செய்கிற முனிவர்கள் வரிசையில் நிற்பார்களா?

அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்து ஒரு சோலைக்காட்டின் ஓரத்துக்கு வந்தோம். சோலை என்றால் ஏதோ பூங்கா என்று நினைக்கவேண்டாம். மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டி, குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த காடு அது. மரத்தண்டெல்லாம் பாசி. காலடி மண்ணில் ஈரம். மழை பெய்யாத அந்த மாசியிலும் எங்கோ நீர் கசியும் ஓசை கேட்டது. மேலே சரிவுகளில் புல். கீழே மடிப்புகளில் சோலை. பழனி மலையின் உயரமான பகுதிகளுக்கு உரிய அமைப்பு இதுவே. புல்லும் சோலையும் மண்ணும் சேர்ந்து மழையை வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூப்பதும் அந்தப் புல்வெளிச் சரிவுகளில்தான்.

அந்தப் புல்வெளிகளை வெறும் தரிசு என்று எண்ணினார்கள். எரிக்க விறகு வேண்டும் என்று தைல மரம் வந்தது. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரம் வந்தது. வேகமாக வளரும் இந்த மரங்கள் புல்லைவிட அதிகமாகத் தண்ணீரைக் குடிக்கின்றன. ஓடைக்குப் போய்ச் சேருவது குறைகிறது. கெட்ட எண்ணத்தோடு யாரும் நடவில்லை. தரிசாகக் கிடக்கும் மலையில் பயனுள்ள மரம் வளரட்டும் என்றே நட்டார்கள். அறியாமல் செய்தார்கள். நானும் அறியாமல்தான் புகழ்ந்தேன். ஆனால் அவர்களுக்கு எவரும் கடிதம் எழுதவில்லை, எனக்கு எழுதினார்கள்.

பகலில் வனத்துறை அனுமதி பெற்று, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேரிஜம் ஏரிக்குப் போனோம். காட்டுக்கு நடுவே ஓசையில்லாத நீர்ப்பரப்பு. பகலிலேயே திரும்பிவிட வேண்டும் என்பது விதி. "இங்கே கூடாரம் போட விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்றான் பையன். வழிகாட்டி சொன்னார்: "இது பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர், தம்பி." பையன் வாயை மூடிக்கொண்டான். நாங்கள் காட்சி என்று பார்த்ததை, கீழே ஓர் ஊரில் ஒரு தாய் குடத்தில் பிடித்துக் கொண்டிருக்கிறாள். இரண்டும் ஒரே தண்ணீர்.

இரவில், நகரை விட்டுத் தள்ளி, அனுமதி பெற்ற ஒரு தனியார் தோட்டத்தில் கூடாரம் அடித்தோம். குளிர் எலும்பைக் குத்தியது. பையன் சுள்ளி பொறுக்கி வந்து நெருப்பு மூட்ட முனைந்தான். வழிகாட்டி அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். "புல்லெல்லாம் காய்ந்து கிடக்கு. காத்து அடிச்சா நம்ம கையில் இல்லை" என்றார். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத் தீ எங்கள் எல்லோர் மனத்திலும் வந்து நின்றது. மலையேறப் போயிருந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் அதில் உயிர் இழந்தார்கள். அவர்களும் எங்களைப்போல மலையைப் பார்க்க ஆசைப்பட்டவர்களே. அந்த ஆசையைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழாது. ஆனால், கோடை தொடங்கிய மலையில் அழகாக அசையும் அந்தப் புல்தான் தீ ஓடும் பாதையும் என்பதை அறிவது அலங்காரமான அறிவு அல்ல என்று அன்று இரவு புரிந்தது. பையன் சுள்ளிகளைக் கீழே போட்டான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

அப்போது நண்பர் முதல் நாள் பேச்சை மீண்டும் எடுத்தார்.

"நீ கேட்டதை நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆண்டில் முந்நூறு நாள் நான் காகிதத்தைப் பார்க்கிறேன். இரண்டு நாள் ஒரு மரத்தைப் பார்க்க வருகிறேன். அங்கேயும் கணக்குப் புத்தகத்தோடு வா என்கிறாயே! அறியாமல் மகிழ்வது அவ்வளவு பெரிய குற்றமா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. களைத்து வந்தவன் கண் குளிரப் பார்ப்பதைத் தடுக்கிற அறம் எனக்கும் வேண்டாம். நான் யோசித்துச் சொன்னேன்: "உன் வீட்டுக்கு ஒருவன் சாப்பிட வருகிறான். சோறு எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. வயிறாரச் சாப்பிட்டால் உனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அரிசிப் பானை காலியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவன் இன்னொரு முறை சோறு கேட்டால்? அறியாமல் மகிழ்ந்தது குற்றம் இல்லை. ஒருவர் சொன்ன பிறகும் அறியாததுபோல இருப்பதுதான்…"

அங்கே நிறுத்திவிட்டேன். நான் பேசிக்கொண்டிருந்தது அவரைப் பற்றி அல்ல, மேசை அறையில் கிடந்த கடிதத்தைப் பற்றி என்று எனக்கே தெரிந்துவிட்டது.

சீட்டுக்குப் பணம் கொடுத்தவன், கணக்குத் தீர்ந்தது என்று எண்ணுகிறான். விருந்தினன் அப்படி எண்ணுவதில்லை. உண்டதை முழுவதும் திருப்பித் தர முடியாது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே அந்த வீட்டில் பார்த்து நடக்கிறான். வெளியே போய் அந்த வீட்டைப் பற்றி உண்மையைப் பேசுகிறான். மலைக்கும் ஏரிக்கும் போகிறவன் செய்யக்கூடிய குடிமராமத்து அதுதான் என்று நினைக்கிறேன். பாட்டிலைப் போடாமல் வருவதும், நெருப்பு மூட்டாமல் குளிரில் உட்கார்ந்திருப்பதும் அதில் ஒரு பகுதி. இன்னொரு பகுதி, எதைப் பார்த்தோம் என்று சரியாகத் தெரிந்துகொள்வது.

திரும்புகிற நாள் காலையில் வழிகாட்டி இன்னொன்றைக் காட்டினார். பழைய மரத்தோட்டம் ஒன்றின் நிழலில், சீகை மரங்களுக்கு அடியில், பளபளக்கும் இலைகளோடு சில கன்றுகள் முளைத்திருந்தன. "சோலை மரம் சார். பறவை போட்ட விதை. இந்த நிழலில் நல்லா வருது" என்றார். அந்நிய மரத்தையெல்லாம் ஒரே நாளில் வெட்டி எறிய வேண்டும் என்று இரவெல்லாம் எனக்குள் எழுந்திருந்த ஆவேசம் அந்தக் கன்றுகளுக்கு முன் அடங்கிவிட்டது. பிழையைத் திருத்துவதற்கும் நிதானம் வேண்டும். எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது என்று அறிந்தவர்கள் பார்த்துச் செய்யவேண்டிய வேலை அது.

என் கையில் இருந்த வேலை சிறியது. வீடு திரும்பியபோது, என் கதைத் தொகுதிக்கான அச்சுப் படிகள் வந்திருந்தன. அதில் அந்தக் கதையும் இருந்தது. முனிவர்களைப் பற்றிய வரிக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன். உண்மையாகச் சொல்கிறேன், அடிக்கக் கை வரவில்லை. பலர் பாராட்டிய வரி அது. வெகு நேரம் கழித்து அதை அடித்துவிட்டு, 'யாரோ கூலிக்கு நட்டுவிட்டுப் போன மரங்கள் வரிசையாக நின்றன' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். முன்னைப்போல அழகாக இல்லை. ஆனால் அந்தக் காதலர்கள் அதன் கீழே நின்று பிரிவதற்கு அது தடையாகவும் இல்லை.

படிகளைக் கட்டி அச்சகத்துக்கு அனுப்பினேன். பிறகு மேசை அறையைத் திறந்து, மேல்மலை முகவரியைப் பார்த்து, ஒரு கார்டு எழுதினேன்.